புள்ளிமானுக்கு எந்தக் கணக்கு?

'தாம்பரம்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பீச் - தாம்பரம் லோக்கல் ரயில். தீபாவளிக்கு முதல் நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் நகராமல் நிற்கும் பஸ்கள். (ஜி.எஸ்.டி. என்றால் தாம்பரத்துக்காரர்களுக்கு முதலில் ரோடு. 2017-க்கு அப்புறம்தான் வரி!)

ஆனால் ஜெர்மனியிலோ ஹாலந்திலோ கிறிஸ்துவ இறையியல் படிக்கிற ஒருவரிடம் போய் 'தாம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். "ஓ... 1938!" என்று நிமிர்ந்து உட்காருவார். 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில், அதாவது நம்ம எம்.ஸி.ஸி.யில், சர்வதேச மிஷனரி கவுன்சில் கூடியது. பல நாட்டு ஆசாமிகள் சேலையூர்க் காட்டுக்கு வந்து உட்கார்ந்து விவாதித்த விஷயம் இது: மற்ற மதங்களிலும் உண்மையான இறை நம்பிக்கை உண்டா, இல்லையா?

ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பக்கம். கிறிஸ்துவ வெளிப்பாடு வேறு, மற்ற மதங்கள் வேறு, நடுவில் பாலம் கிடையாது என்பது அவர் கட்சி. இன்னொரு பக்கம் இதே கல்லூரியில் பல வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்து முதல்வராகவும் இருந்த ஏ.ஜி. ஹாக். இந்துவின் நம்பிக்கையும் நிஜமான நம்பிக்கைதான், அதை மதித்துப் பேசுங்கள் என்றார் அவர். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. உலகத்து இறையியல் புத்தகங்களில் தாம்பரம் ஒரு ஊர் இல்லை, ஒரு கேள்வி!

ஹாக் அப்படிப் பேசியதற்கு ஒரு முன்கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தபோது, வேலூரிலிருந்து ஒரு ஏழைப் பையன் வந்து சேர்ந்தான். என்ன படிப்பது என்று குழப்பம். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் ஓசி. ஆகவே பாடம் தத்துவம். முடிந்தது பிரச்னை!

அந்தப் பையன் டாக்டர் ராதாகிருஷ்ணன். கிறிஸ்துவ ஆசிரியர்கள் இந்து மதத்தைக் கேள்வி கேட்டதுதான் தன்னை வேதாந்தத்தை ஆழமாகப் படிக்கத் தூண்டியது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தவர் ஹாக்!

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கேதான் கை நமநமக்கும். ஸ்காட்லாந்துச் சர்ச்சு, கிறிஸ்துவத்தைப் பரப்பப் பணம் அனுப்புகிறது. அந்தப் பணத்தில் உருவாகிறவர் இந்து தத்துவத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மனிதர். இதை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா?

* * *

இதே கேள்வியைக் கேட்டு, 'நஷ்டம்தான்' என்று முடிவு கட்டி, ஒரு கல்லூரியையே மூடியிருக்கிறார்கள். ரொம்பத் தூரத்தில் இல்லை, யாழ்ப்பாணத்தில்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் ஒரு செமினரி ஆரம்பித்தது. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் என்று அந்தக் காலத்துக்கு அசாத்தியமான படிப்பு. பையன்கள் நன்றாகவே படித்தார்கள். படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள்! 'நாங்கள் கிராமத்துக்குப் போதகர்களை உருவாக்கப் பணம் அனுப்பினால், இவர்கள் குமாஸ்தாக்களை உருவாக்குகிறார்களே' என்று அமெரிக்காவில் தலைமையகம் நொந்துகொண்டது. விசாரிக்க ஆள் வந்தது. 1855-இல் கதவைச் சாத்தினார்கள்.

இரண்டே வருஷம் கழித்து 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் இரண்டு பி.ஏ. பட்டதாரிகளும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தான். ஒருவர் விசுவநாதபிள்ளை. இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 1887-இல் கலித்தொகையை அச்சில் ஏற்றி நம் கையில் கொடுத்தவர். மூடினவர்களின் கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பத்தியே இல்லை. பாவம், அவர்கள் கூட்டல் தப்பில்லை. கணக்கை 1855-லேயே முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சென்னையில் அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர் வில்லியம் மில்லர். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்கிற பாதிரியார் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு, 1862-இல் வந்து சேர்ந்தார். 1865-இல் கல்லூரி வகுப்புகள் வந்தன. மெட்ராஸில் அப்போது சபைக்குச் சபை தனித்தனியாக மேற்படிப்பு நடத்திக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் மூன்று நஷ்டக் கடை எதற்கு, சேர்ந்து ஒரு நல்ல கடை போடலாமே? ஸ்காட்லாந்துச் சபையோடு சர்ச் மிஷனரி சொசைட்டியும் வெஸ்லியன்காரர்களும் கை கோர்த்தார்கள். 1877-இல் 'மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி' என்று பொதுப் பெயர். விடுதி கட்டுவதில் தன் சொந்தக் காசையும் போட்டார் மில்லர்.

'எத்தனை பேரை மதம் மாற்றினீர்கள்?' என்று ஊரிலிருந்து கேட்டால் அவர் சொன்ன பதில் ஏறக்குறைய இதுதான்: கல்லூரியின் வேலை தலை எண்ணுவது இல்லை. ஒரு சமூகம் யோசிக்கிற விதத்தை மெல்ல மாற்றுவது. அதற்குத் தலைமுறைகள் ஆகும்.

தலைமுறைக் கணக்கு! இன்றைக்கு எந்த பேங்க் மேனேஜரிடமாவது போய், "ஸார், அசலும் வட்டியும் பேரன் காலத்தில் வரும்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வந்தது. வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி அங்கேயே படித்து அங்கேயே தமிழாசிரியர் ஆனார். தன் வடமொழிப் பெயரைப் 'பரிதிமாற் கலைஞர்' என்று தமிழாக்கிக்கொண்டார். தமிழ் ஒரு செம்மொழி என்று நூறு வருஷத்துக்கு முன்பே வாதாடினார். மத்திய அரசு அதை ஒப்புக்கொண்டது 2004-இல். மில்லர் கல்லூரிக்கு வந்த செலவில் ஒரு பகுதி, பிரசவமாக இத்தனை காலம் எடுத்துக்கொண்டது!

* * *

சரி, தத்துவம் போதும். பணத்துக்கு வருவோம்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். எந்த நல்ல கல்லூரியும் மாணவன் கட்டுகிற ஃபீஸில் மட்டும் நடந்ததே இல்லை. ஆகிற செலவுக்கும் பையன் கட்டும் தொகைக்கும் நடுவே எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். அதை யாராவது நிரப்பியாக வேண்டும். ஒரு கல்லூரியின் சரித்திரம் என்பது, பள்ளத்தை யார் நிரப்பினார்கள் என்கிற சரித்திரம்தான்.

முதலில் ஸ்காட்லாந்து நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டில் அங்கே விழுந்த சில்லறை, கப்பலேறி மெட்ராஸில் அல்ஜீப்ராவாக மாறியது. பிறகு, சுதந்திரத்துக்கு அப்புறம், வெளிநாட்டுப் பணம் மெல்ல மெல்ல வற்றியது. அரசாங்கம் வந்தது. உதவிபெறும் கல்லூரி என்றால் அரசு அனுமதித்த ஆசிரியர் பணியிடங்களுக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து வரும். பதிலுக்கு ஃபீஸ் கட்டுப்பாடு. இதனால்தான் ரிக்‌ஷாக்காரர் மகனும் கலெக்டர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்தது. டி.என். சேஷன் அங்கே பௌதிகம் படித்தார், கொஞ்ச காலம் சொல்லியும் கொடுத்தார். எழுபதுகளில் இந்திரா நூயி படித்தார்.

தொண்ணூறுகளில் கஜானா கையை விரித்தது. "புதுப் பாடம் ஆரம்பிக்கிறீர்களா? பேஷாக. சம்பளம் மட்டும் எங்களைக் கேட்காதீர்கள்!" அப்படி வந்ததுதான் சுயநிதிப் பிரிவு. இன்று தமிழ்நாட்டின் பெரிய உதவிபெறும் கல்லூரிகள் எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கல்லூரிகள். தாம்பரமும் விலக்கில்லை. ஒரே கேட். ஒரே மரத்தடி. ஒரே சமோசா. ஆனால் எய்டட் பையன் கட்டுவது ஒரு தொகை, செல்ஃப் ஃபைனான்ஸ் பையன் கட்டுவது அதைப்போலப் பல மடங்கு. ஆசிரியர் அறையிலும் பொதுவாக அதே கதைதான். ஒரே பாடம், ஒரே சாக்பீஸ், ஒருவருக்கு அரசாங்கச் சம்பளம், இன்னொருவருக்கு நிர்வாகம் கொடுக்கிற சம்பளம்.

ஆக, இப்போது பள்ளத்தை நிரப்புகிறவர்கள் யார்? சுயநிதி மாணவனின் அப்பாவும், சுயநிதி ஆசிரியரின் பொறுமையும்!

நிர்வாகங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி குறைவு. ஆனால் பள்ளத்தை யார் நிரப்புகிறாரோ, கல்லூரி கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்படி நடக்க ஆரம்பிக்கும். ஸ்காட்லாந்து நிரப்பியபோது 'எத்தனை பேரை மாற்றினாய்' என்று கேட்டது. அரசு நிரப்பியபோது ஃபைல் கேட்டது. பெற்றோர் நிரப்பினால் 'எத்தனை லட்சம் பேக்கேஜ்' என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கொடுத்த காசுக்குக் கேட்கிறார்கள். ஆனால் அப்படிக் கேட்டால் தத்துவம் எத்தனை நாள் தாங்கும்? ஓசிப் புத்தகத்தோடு வருகிற வேலூர்ப் பையனுக்கு எந்த பெஞ்சில் இடம்?

* * *

"ஏன் ஸார் அவ்வளவு யோசனை? உள்ளே இடம் சும்மாதானே கிடக்குது?" என்றார் எனக்குத் தெரிந்த சேலையூர் புரோக்கர் ஒருவர். அவருக்கு மரம் தெரியாது, கிரவுண்டு மட்டும்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லூரி வளாகம் 365 ஏக்கர். வருஷத்தில் நாளுக்கு ஒரு ஏக்கர் வீதம். கிரவுண்டு கணக்கில் ஆறாயிரத்து அறுநூறைத் தாண்டும். இன்றைய சேலையூர் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் திணறினால் நான் பொறுப்பில்லை.

நூறு வயதானதும் பாரிமுனை நெரிசலை விட்டுவிட்டு 1937-இல் இங்கே குடிவந்த கல்லூரி இது. மின்சார ரயில் 1931-லேயே தாம்பரத்தைத் தொட்டுவிட்டது என்பதால் தைரியம். அன்று அது முள்ளும் புதருமான காடு. எட்வர்ட் பார்ன்ஸ் என்கிற வேதியியல் பேராசிரியர், சோதனைக் குழாயை வைத்துவிட்டு மனைவியோடு மரக்கன்று நட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை! இன்று உள்ளே ஏரி இருக்கிறது, புள்ளிமான் இருக்கிறது. தென்சென்னைப் புறநகர் முழுக்க ஏரிகள் நகர்களாகிவிட்ட பிறகு, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க மிச்சமிருக்கும் நல்ல இடங்களில் இதுவும் ஒன்று. அந்தத் தண்ணீருக்கு யாரும் கல்லூரிக்கு ஃபீஸ் கட்டுவதில்லை.

நிலத்தை விற்கப்போவதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பணத் தட்டுப்பாடு வந்த நிறுவனத்தின் கண் முதலில் எதன் மேல் போகும் என்பது எந்தக் குடும்பஸ்தருக்கும் தெரியும். பீரோவில் இருக்கிற நகை மேல்தான்!

அமெரிக்காவில் பழைய கல்லூரிகளே தடுமாறுகின்றன. மெதடிஸ்ட் சபையோடு சேர்ந்த அயோவா வெஸ்லியன், 1842-இல் பிறந்தது, 2023-இல் மூடிவிட்டது. அலபாமாவில் பர்மிங்ஹாம் சதர்ன், 1856-இல் தொடங்கியது, 2024 மே மாதத்தோடு சரி. மாணவர் எண்ணிக்கை குறைந்ததோடு, பர்மிங்ஹாம்காரர்கள் கடன் வாங்கிக் கட்டடம் கட்டியிருந்தார்கள். கட்டடம் அழகாக இருக்கிறது. உள்ளேதான் கல்லூரி இல்லை.

கட்டட ஆசை நமக்கும் ஜாஸ்தி. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற வம்சம் அல்லவா! பழைய மாணவர்கள் நன்கொடை தருவதென்றால் பெயர்ப் பலகை மாட்டச் சுவர் வேண்டும். மெஸ் பில்லில் பெயர் பொறிக்க முடியாதே. ஆனால் இந்தக் கல்லூரிக்கு வேண்டியது அதுதான்: அரக்கோணத்திலிருந்தோ ஐஸாலிலிருந்தோ வருகிற பிள்ளையின் மூன்று வருஷச் சாப்பாட்டுக்கும் அறைக்கும் வட்டியில் ஓடுகிற ஒரு நிதி. அசலைத் தொடாமல் வருஷா வருஷம் ஒரு பிள்ளை. மில்லர் சொன்ன தலைமுறைக் கணக்கும் அதுவே.

கடைசியாக ஒரு பாடம், பி.காம். இரண்டாம் வருஷம். 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. நல்ல பெயர். நிறுவனம் தானே சம்பாதித்த நல்ல பெயரைப் பேலன்ஸ் ஷீட்டில் காட்டக் கூடாது என்பது விதி. அது எப்போது கணக்கில் ஏறும் தெரியுமா? நிறுவனத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கும்போது, வாங்கினவருடைய புத்தகத்தில்!

சேலையூர்ப் புள்ளிமான், ராதாகிருஷ்ணனின் ஓசிப் புத்தகம், பரிதிமாற் கலைஞரின் தமிழ், ஹாக்கின் பாராட்டு... எதுவும் கல்லூரிக் கணக்கில் இதுவரை ஏறவில்லை.

ஏறாமல் இருக்கிறவரை கல்லூரி சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.