பிரதிக் கட்டணத்தோடு முடியும் மேன்முறையீடு

காணி வழக்கில் தோற்றவர் மேன்முறையீடு செய்வதானால் 14 நாட்களுக்குள் அறிவித்தல், 60 நாட்களுக்குள் மனு. இந்தத் தவணைகளைச் சட்டத்தரணி ஞாபகப்படுத்துவார். நம்மில் பலருக்குத் தெரியாதது அதற்குப் பிறகு வரும் செலவு: வழக்கேட்டின் பிரதிகளுக்கான கட்டணம். அதைச் செலுத்தத் தவறினால் மேன்முறையீட்டை நிராகரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1978ஆம் ஆண்டு விதிகளிலேயே அதிகாரம் உண்டு. காணி யாருடையது என்ற கேள்வியை எவரும் தொடாமலே கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்துவிடும்.

கட்டணம் கேட்கும் கடிதம் வருடங்கள் கழித்தும் வரலாம். 2006இல் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் குடியியல் மேன்முறையீட்டு அதிகாரம் கிடைக்கும்வரை எல்லாம் கொழும்புக்கே போயின. இடையில் 2004 சுனாமி. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எத்தனை குடும்பங்கள் விலாசம் மாறின! சீதன வளவுக்காக வழக்காடிய உம்மா மௌத்தாகி, பிள்ளைகள் கட்டாரில் இருந்தால் அந்தக் கடிதத்தை யார் வாங்குவது? இதை அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வென்றவரும் வருடக்கணக்கில் காத்திருக்கிறார், உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்புக்குப் பாரிய பாதிப்பில்லாவிட்டால் நடைமுறைத் தவறுகளுக்கு நிவாரணம் தர நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 759(2)ஆம் பிரிவு இடமளிக்கிறது. இந்தியக் கோவையின் 149ஆம் பிரிவோ, குறைந்த நீதிமன்றக் கட்டணத்தைப் பிந்திச் செலுத்தவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. அதே தாராளம் பிரதிக் கட்டணத்திலும் வேண்டும். நிராகரிக்குமுன் வழக்காளிக்கே நேரடியாக, தமிழில், கிராம உத்தியோகத்தர் மூலமாவது ஓர் அறிவித்தல் கிடைக்கட்டும்.

அதுவரை, விலாசம் மாறியவர்கள் சட்டத்தரணியிடம் எழுத்தில் கொடுத்துவையுங்கள். பணமில்லாதவர்கள் கடிதம் வருமுன்பே சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள்.