மாத்திரை அட்டையை எங்க போடறது?

கொஞ்சம் நீளமான இழை. நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன். கோபம் இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க ஓ.பி.க்கு ஒரு அம்மா வருவாங்க. அறுபது வயசு இருக்கும். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஆனா ஸ்டெத் வச்சுக் கேட்டா முப்பது வருஷம் பீடி குடிச்சவர் நெஞ்சு மாதிரி விசில் அடிக்கும். சி.ஓ.பி.டி. மார்கழிப் பனி ஆரம்பிச்சா பத்து நாளைக்கு ஒரு தடவை மூச்சிரைப்போட வந்துடுவாங்க. நெபுலைசர், ஊசி, கொஞ்சம் ஆக்சிஜன், கையில மாத்திரை, மறுநாள் வீடு.

காரணம் விறகடுப்பு. நம்ம நாட்டுல புகை பிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு அடுப்புப் புகைன்னு மருத்துவம் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். (இலவச கேஸ் இணைப்பு இருக்கு. சிலிண்டரை ரீஃபில் பண்ணத்தான் காசு இல்லை. அது தனிக் கதை.) ஈர விறகு லேசுல பிடிக்காது. அதனால ஏதாவது ஒரு கவரைக் கொளுத்தி உள்ள தள்ளுவாங்க. சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, எது கையில கிடைக்குதோ அது. கிராமத்துல எந்த வீட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்.

போன வாரம் வழக்கம்போல உபதேசம் பண்ணேன். "அம்மா, விறகையாவது விடுங்க, அந்தக் கவரை மட்டும் எரிக்காதீங்க."

"சரி சார், எரிக்கல. எங்க போடறது சொல்லுங்க. குப்பை வண்டி எங்க தெருவுக்கு வரதில்ல. வாய்க்கால்ல போட்டா பிரசிடெண்ட் திட்டறாரு. தெருவுல போட்டா மாடு திங்குது. நீங்க குடுக்கற மாத்திரை அட்டையையும் அடுப்புலதான் போடறேன்."

பதில் சொல்லத் தெரியலை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு சீட்டு எழுதி அனுப்பிட்டேன்.

அந்த மாத்திரை அட்டை என்னன்னு தெரியுமா? மேல தெரியற குமிழ் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். பின்னாடி அலுமினியத் தகடு. பி.வி.சி.ல குளோரின் இருக்கு. அடுப்பு மாதிரி குறைஞ்ச சூட்டுல அரைகுறையா எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்சின் வரும். மூச்சுக்குழல் ஏற்கெனவே சுருங்கிப் போன ஒருத்தருக்கு, அதை விரிக்க நான் மாத்திரை குடுக்கறேன். அந்த மாத்திரையோட உறை எரிஞ்சு மறுபடி அவங்க மூச்சுக்குழலுக்கே போகுது. முதல் குற்றவாளி விறகுப் புகைதான், அதை மறைக்கலை. ஆனா இந்த இரண்டாவது குற்றத்துல என் பேரும் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்ம ஆளுங்க சொல்ற முதல் வார்த்தை, "மக்களுக்கு ஒழுக்கம் இல்ல சார்." டாக்டர்களும் இதையே சொல்றோம். நான் இதை ஒத்துக்கறதா இல்லை. உங்க வீட்டுலேயே பதில் இருக்கு.

பால் கவர். தமிழ்நாட்டுல தினமும் லட்சக்கணக்கான வீடுகள்ல பால் கவர் வெட்டறாங்க. தெருவுல அது எவ்வளவு கிடக்குது? ரொம்பக் கம்மி. அம்மாக்கள் அலசி, காயவச்சு, அடுக்கி, பழைய பேப்பர் கடையில எடைக்குப் போடுவாங்க. அதே அம்மா, அதே வீடு, அதே "ஒழுக்கம்". ஆனா ஷாம்பு பாக்கெட்டைக் கிழிச்சுக் குளியலறை ஜலதாரையிலேயே விடறாங்க. ஏன்?

பால் கவர் பாலிஎத்திலீன்கிற ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். உருக்கினா மறுபடி பிளாஸ்டிக். அதனால அதுக்கு விலை இருக்கு. ஷாம்பு பாக்கெட்ல வெளியே அச்சடிக்க ஒரு பிளாஸ்டிக், நடுவுல அலுமினியம், உள்ளே சூட்டுல ஒட்ட வேற பிளாஸ்டிக். எல்லாம் பசை போட்டு ஒட்டினது. மொத்தமே தலைமுடி அளவு தடிமன். இதைப் பிரிச்சு எடுக்க ஆகற செலவு கூடத் திரும்பி வராது. குப்பை பொறுக்கி வாழறவரே குனிஞ்சு எடுக்க மாட்டார். குனியற கூலி கட்டாது.

ஆக, அந்தக் கவர் தெருவுல கிடக்குமா, கடைக்குப் போகுமாங்கிறது அந்த அம்மா கையில இல்ல. கம்பெனியோட பேக்கிங் பிரிவுல ஒருத்தர் "இந்த ரோல் ஃபிலிம் வாங்கலாம்"னு கையெழுத்துப் போட்டார் பாருங்க, அன்னைக்கே முடிவாயிடுச்சு.

"கம்பெனிக்கு வேற வழி இல்ல, பேக்கிங் இல்லாட்டி பொருள் கெட்டுடும்." பாதி உண்மை. ஈரமும் ஆக்சிஜனும் உள்ள போகக் கூடாதுன்னா தடுப்பு வேணும். மாத்திரைக்கு நானே கேட்பேன். லூசா டப்பாவுல வர்ற மாத்திரை மழைக்காலத்துல என்ன ஆகும்னு பழைய பார்மசிஸ்ட் யாரையாவது கேளுங்க. ஆனா ஒரே வகைப் பிளாஸ்டிக்குல தடுப்புப் பூச்சு கொடுத்துச் செய்யற ஃபிலிம் இன்னைக்குச் சந்தையில இருக்கு. விலை கொஞ்சம் கூட, மெஷின் வேகம் கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் தடை.

சரி, கம்பெனிகளுக்குப் பேக்கிங் குறைக்கத் தெரியாதா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கறவங்க இதைப் படிச்சா நீங்களே சாட்சி. கார் கம்பெனிக்கு உதிரிபாகம் எதுல வருது? நிறையப் பாகம் மடக்கற பிளாஸ்டிக் கிரேட்லயும் இரும்பு டிராலியிலயும் வரும். காலி கிரேட் அதே லாரியில திரும்பிப் போகும். ஒரு கிரேட் காணோம்னா சப்ளையர்கிட்ட கணக்குக் கேட்பாங்க. ஏன்னா அங்க குப்பையை அள்ளற செலவு அவங்களோடது. கேட்டைத் தாண்டிப் பொருள் நம்ம கைக்கு வந்ததும் உறையை அள்ளற செலவு பஞ்சாயத்துக்கு, எரிக்கற புகை நெஞ்சுக்கு, அந்த நெஞ்சைப் பார்க்கற செலவு அரசு ஆஸ்பத்திரிக்கு. பேக்கிங் குறைக்கற அறிவு கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுது.

சட்டம் என்ன பண்ணுச்சு? கொஞ்சம் பொறுமையா படிங்க, இதுதான் எனக்கு ரொம்ப எரியற இடம்.

2016-ல் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதி கொண்டுவந்தது. அதுல தெளிவா ஒரு வரி: மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்துல படிப்படியா நிறுத்தணும். இரண்டு வருஷம் ஓடுச்சு. 2018-ல் நிறுத்தினாங்களா? வரியைத் திருத்தினாங்க. "மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரிசக்தி எடுக்க முடியாத, அல்லது வேறு உபயோகம் இல்லாத" பல அடுக்குப் பிளாஸ்டிக்னு ஆச்சு. பிளாஸ்டிக் பெட்ரோலியத்துல செஞ்சது. எரிச்சா சூடு வரத்தான் செய்யும். சிமெண்ட் சூளையில போட்டா "எரிசக்தி எடுத்தாச்சு". நாலு வார்த்தை சேர்த்ததுல மொத்தச் சரமும் தப்பிச்சுடுச்சு.

2022 ஜூலை 1-லிருந்து நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை. பட்டியல்ல காது குடையற குச்சி, பலூன் குச்சி, ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு எல்லாம் உண்டு. ஷாம்பு பாக்கெட் இல்லை. சிப்ஸ் கவர் இல்லை. காது குடையற குச்சியால எங்க ஆஸ்பத்திரி ஜலதாரை ஒரு தடவை கூட அடைச்சதில்லை.

நம்ம மாநிலமும் யோக்கியம் இல்லை. 2019 ஜனவரி 1-ல் தடை வந்தப்ப, ஆலையிலேயே அடைச்சு சீல் வச்சு வர்ற பொருளோட உறைக்கு விலக்கு கொடுத்தாங்க. 2020 ஜூன்ல அந்த விலக்கையும் நீக்கி ஆணை வந்துச்சு. நல்ல ஆணை. இப்ப எழுந்து பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய்ப் பாருங்க. சரம் சரமா தொங்கும். அபராதம் மட்டும் கேரி பேக் வச்சிருந்த பூக்கார அக்காவுக்கு. மஞ்சப்பை நல்ல திட்டம்தான், நானும் வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து மஞ்சப்பையைக் கவுத்துப் பாருங்க, உள்ள இருந்து எத்தனை பளபளா உறை விழுதுன்னு.

2022 பிப்ரவரியில உற்பத்தியாளர் பொறுப்புன்னு வழிகாட்டுதல் வந்துச்சு. கம்பெனி எவ்வளவு பிளாஸ்டிக் சந்தையில விடுதோ அதுக்கு ஏத்த அளவு மறுசுழற்சி நடந்ததா சான்றிதழ் காட்டணும். அந்தச் சான்றிதழை இன்னொருத்தர்கிட்ட விலைக்கு வாங்கிக்கலாம். அடுத்த வருஷமே லட்சக்கணக்குல போலிச் சான்றிதழ் வெளியானதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடிச்சுது. போலியே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும், சாஷேயைக் குறைச்சுக் காட்டுங்கிற இலக்கு அதுல எங்கேயும் இல்லை. எவ்வளவு வேணா போடு, ரசீது காட்டு. சர்க்கரை வியாதிக்காரர்கிட்ட "எவ்வளவு வேணா சாப்பிடுங்க, மாத்திரைச் சீட்டு மட்டும் காட்டுங்க"ன்னு நான் சொன்னா என்னை விடுவீங்களா?

அடுத்து வர்ற கேள்வி தெரியும். "சாஷே இல்லாட்டி ஏழை எப்படி ஷாம்பு போடுவான்?"

நியாயமான கேள்வி. சாஷே நம்ம கடலூர்ல வளர்ந்த ஐடியா. 1983-ல் சிக் ஷாம்பு வந்தப்ப, பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்குள்ள ஷாம்பு போனது பெரிய விஷயம்தான், கேலி பண்ண மாட்டேன். ஆனா இப்ப ஒரு கணக்குப் போடுங்க. ஒரு ரூபா சாஷேயில எத்தனை மில்லின்னு பாருங்க, அதே பிராண்ட் பாட்டிலோட விலையை மில்லியால வகுத்துப் பாருங்க. பல பிராண்டுல சாஷேதான் மலிவு! பெரிசா வாங்கினா மலிவுங்கிற கடைக் கணக்கே தலைகீழ். விலையை அப்படி வச்சது ஏழை இல்லை. மாசச் சம்பளம் வாங்கற நானே சாஷே சரம் வாங்கறேன், கணக்கு அப்படித் தள்ளுது. சின்ன அளவு வேணும்னா சின்ன அளவு விக்கட்டும், ஆனா பால் கவர் மாதிரி எடைக்கு எடுக்கற உறையில. இல்லைன்னா கடையில ஒரு கேன் வச்சு ஊத்திக் குடுக்கட்டும். ரேஷன் மண்ணெண்ணெய்க்குக் கேனைத் தூக்கிட்டு வரிசையில நின்ன ஊரு இது.

நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு நீலகிரி. காட்டுல வீசற மதுபாட்டில் உடைஞ்சு யானைக் காலைக் கிழிக்குதுன்னு வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பா சொன்னதும், 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபாயைத் திருப்பிக் குடுத்துச்சு. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துடுச்சு. அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் போச்சு. குடிச்சவரே பாட்டிலைப் பத்திரமா கொண்டுவந்து குடுக்கறார், ஒழுக்கம் பத்தி இன்னும் பேசணுமா?

எங்க துறைக்கும் வரேன், தப்பிக்க மாட்டேன். மெடிக்கல் ரெப் ஒருத்தர் ஒரு ஸ்ட்ரிப் சாம்பிள் குடுத்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டி அட்டைப் பெட்டி, திறந்தா உள்ள ஒரு நுரையீரல் எழுந்து நிக்குது. நடுவுல பத்து மாத்திரை. ஈரம் தாங்காத மருந்துக்குத்தான் ரெண்டு பக்கமும் தடிமனான அலுமினியம் போட்ட அட்டை தேவை. சாதாரண மருந்துக்கும் அதையே போடறது கைக்கு வெயிட்டாத் தெரியணும்னு.

ஆனா எங்க அரசு பார்மசிக்கு வர்ற மாத்திரையைப் பாருங்க. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-கள்ல ஆரம்பிச்ச நாள் முதல், டெண்டர்லயே பேக்கிங் எப்படி இருக்கணும்னு எழுதுது. ஸ்ட்ரிப்புல அரசு முத்திரை, "விற்பனைக்கு அல்ல"ங்கிற எழுத்து உட்பட. நாட்டோட பெரிய மருந்து கம்பெனிகள் கூட மறுபேச்சு இல்லாம அச்சடிச்சுத் தருது. ஏன்? வாங்கறவர் பெரியவர், சொன்னதைச் செய்யலைன்னா ஆர்டர் போயிடும். முத்திரைக்கு எழுத முடிஞ்ச டெண்டர்ல, "சிரப் பாட்டிலுக்குத் தனி அட்டைப் பெட்டி வேண்டாம், பி.வி.சி. அல்லாத உறைக்கு மதிப்பெண் கூட, காலி அட்டையைத் திரும்ப எடுத்துக்கணும்"னு மூணு வரி சேர்த்து எழுத என்ன தடை? ஆவின், ரேஷன் பாமாயில், சத்துணவு, எல்லாத்துலயும் அரசுதான் பெரிய கை. சட்டம் மாறற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நேத்து அந்த அம்மா மறுபடி வந்தாங்க. மூச்சிரைப்பு பரவாயில்லை. பைக்குள்ள இருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எடுத்து மேஜையில வச்சாங்க. காலி மாத்திரை அட்டை, இருபதுக்கு மேல இருக்கும். "எரிக்காதன்னு சொன்னீங்கல்ல சார், நீங்களே வச்சுக்கங்க."

வாங்கி டிராயர்ல வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு நிறத் தொட்டி இருக்கு. எதுல போடணும்னு ஸ்டாஃப் நர்ஸ் அக்காவைக் கேட்டேன். ஊசியும் இல்ல, ரத்தமும் இல்ல, பொதுக் குப்பைதான் சார்னாங்க. பொதுக் குப்பை சாயங்காலம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும், எங்க காம்பவுண்டுக்குப் பின்னாடி புகை வரும்போது.

பேக்கிங் டிபார்ட்மெண்ட், பர்ச்சேஸ், டெண்டர் கமிட்டியில இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா கமெண்ட்டுல வாங்க. திட்ட மாட்டேன். அந்த மூணு வரியை டெண்டர்ல சேர்க்க யார்கிட்ட, எந்த மாசம் மனு குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. டிராயர் கட்டோடவே வரேன்.