இசையமைப்பாளர் விலகினால் கவிஞன் வீழ்வானா?

அமெரிக்க கேங்ஸ்டா ராப் பாடகர் தி கேம், தன்னை வளர்த்துவிட்ட டாக்டர் ட்ரேயின் இசையில்லாமல் 2006-இல் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். ‘டாக்டர்ஸ் அட்வகேட்’ என்ற அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்துக்குப் போனது.

தேனிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

வைகை அணைக்கு மேட்டூர் என்ற சிற்றூரைப் பறிகொடுத்து வடுகபட்டியில் குடியேறியது கவிஞர் வைரமுத்துவின் குடும்பம். 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் அவருக்கு வாசல் திறந்தவர்கள் அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தோடு இளையராஜாவுடனான கூட்டணி முறிந்தது. கவிஞருக்கு வாய்ப்புகள் வறண்டன. 1992-இல் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘ரோஜா’ வந்துதான் அந்த வறட்சி தீர்ந்தது.

அவர் பெற்ற ஏழு தேசிய விருதுகளில் இளையராஜா இசைக்கு எழுதியது ‘முதல் மரியாதை’ மட்டுமே. மற்ற ஆறும் பிரிவுக்குப் பிந்தியவை. அவற்றில் ‘தர்மதுரை’க்கு இசை, இளையராஜாவின் மகன் யுவன்! அணையில் மூழ்கிய மண்ணை எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவல் 2003-இல் சாகித்ய அகாடமி விருதும் பெற்றது.

பிரிவு இருவரையும் வீழ்த்தவில்லை. இழந்தவர்கள் ரசிகர்கள்தான். ஒரே மண்ணின் மெட்டும் சொல்லும் அதன்பின் ஒரு பாட்டில்கூடச் சேரவில்லை.