அளக்கும் படி யாருடையது?

அரசு மருத்துவமனைகள் சீரடைந்துவிட்டன என்பதற்கு இந்நாளில் எண்களைச் சான்று காட்டுகின்றனர். எண்களை வெறுப்பவன் அல்லன் யான். பாகப்பிரிவினைக் கணக்காகிய ஃபராயிளைப் பல்லாண்டு கற்பித்தவன். அக்கலையின் முதற்பாடம் இது: வாரிசுகளுள் ஒருவரை விட்டுவிட்டுப் பங்கு போட்டால், ஏனையோர் பங்கு அத்தனையும் பிழையாகும். மருத்துவமனைக் கணக்கில் நிகழ்வதும் அதுவே.

2013ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த தேசியத் தர உறுதி நெறிகளில், மாவட்ட மருத்துவமனைகள் அளந்து தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்று, பதிவு முதல் மருந்து பெறும் வரை ஆகும் நேரம். நல்ல அளவைதான். ஆயினும் மருந்து பெறாமலே திரும்பியவருக்கு அந்த நேரம் ஏது? அவர் சராசரியில் வாரார். நெடுநேரம் காத்து மனம் முறிந்தவர் எத்துணைப் பேர் வெளியேறுகின்றனரோ, அத்துணை அழகாய் அமையும் அந்த எண்!

என் தமக்கையார் பனவடலிசத்திரத்தில் வாழ்பவர். முழங்கால் நோவுக்காக விடியுமுன் பேருந்தேறி, ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன், பெயர் வேண்டாம். காலை 8.10க்குச் சீட்டுக் கிடைத்துவிட்டது. கணினி வந்த பின்னர் அந்த வரிசை குறைந்திருப்பது உண்மை. அதை மறைக்க மாட்டேன். அதன் பிறகு அமர்ந்தோம். பதினொன்றரை மணிக்கு, "தம்பி, போயிரலாம். இதுக்கு மேல உக்காந்தா என்னால எந்திரிக்க முடியாது" என்றார். போனோம். சீட்டில் 8.10 இருக்கிறது. அவர் அதிகாலையில் புறப்பட்டதும் அதில் இல்லை. மருத்துவரைக் காணாமல் திரும்பியதும் இல்லை.

"நேரத்துக்கு வரம்பு விதித்தால் தீருமே" என்பார் உளர். இங்கிலாந்தில் விதித்தனர். அவசரப் பிரிவுக்கு வருவோருள் நூற்றுக்கு 98 பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்பது 2004இல் நடப்புக்கு வந்த இலக்கு. காத்திருப்பு மெய்யாகவே குறைந்தது. கூடவே, நான்காம் மணி முடியும் தறுவாயில் நோயாளிகள் திரளாக வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டதும் புள்ளிவிவரத்தில் தெரிந்தது. ஸ்டாஃபோர்டு மருத்துவமனை இலக்குகளையும் வரவுசெலவையும் பார்த்துப் படுக்கையில் கிடந்தவரைப் பாராமற்போன கொடுமையை 2013இல் விசாரணை அறிக்கை விரித்துரைத்தது.

மருத்துவரை யான் குறை கூறவில்லை. 67 நாடுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்காளதேசத்தில் 48 விநாடி என்றது. நம் நாட்டில் ஏறத்தாழ இரண்டு நிமிடமாம். இத்தகையவரிடம் "வரிசையைக் குறை" என்றால், அவர் எதைக் குறைப்பார்? அந்த இரண்டு நிமிடத்தைத்தான். ஆகவே காத்த நேரத்தோடு பார்த்த நேரத்தையும் சேர்த்து அளக்காத கணக்கு கணக்கே அன்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், அங்காடியின் படியையும் துலாக்கோலையும் சோதிக்கும் முஹ்தஸிபிடமே மருத்துவரையும், கண் வைத்தியரையும், எலும்பு கட்டுவோரையும் சோதிக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறது. வணிகன் தன் படியைத் தானே சோதித்துச் சான்று எழுதிக்கொள்ள அங்கே இடமில்லை. இங்கோ, மாதந்தோறும் எண்ணைத் தருவது அளக்கப்படும் மருத்துவமனையே. வெளி மதிப்பீட்டாளர் வருவதில்லையா எனலாம். வருகின்றனர், சான்றிதழுக்காக, சில நாட்கள், முன்னரே அறிவித்துவிட்டு. மணவீட்டார் பெண் பார்க்க வரும் நாளில் எந்த வீட்டில் குப்பை கிடக்கும்?

யான் கேட்பது பெருஞ்செலவு பிடிப்பதன்று. சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரி மாணவர் நால்வர், முன்னறிவிப்பின்றி ஒரு பதினைந்து நாள், மருத்துவமனை வாயிலில் குறிப்பேட்டுடன் நிற்கட்டும். வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், வாயிலை விட்டுச் செல்லும் நேரம், மருத்துவர் பார்த்தாரா, எத்துணை நேரம் பார்த்தார், மருந்து கிடைத்ததா என்று போகிறவர்களைக் கேட்டு எழுதட்டும். மருத்துவமனையின் மாதக் கணக்கை ஒட்டும் பலகையிலேயே அதையும் பக்கத்தில் ஒட்டட்டும்.