சின்னத்திரைக்குத் தெரியாத நயினார்கள்



டி.வி. நம்மை உலகம் சுற்ற வைத்திருக்கிறது. செஞ்சியில் உட்கார்ந்துகொண்டே கொரியாக்காரர் குடும்பச் சண்டையையும் ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் மாடு மேய்ப்பதையும் தமிழிலேயே பார்க்கிறோம். 1987-ல் தூர்தர்ஷனில் 'ராமாயண்' வந்தபோது, இந்தி தெரியாத தமிழ்க் குடும்பங்கள்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. முன்னால் ஆஜர்! இதையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. 'ஜைனர்' என்றதும் உங்கள் மனதில் வரும் முகம் எது? அநேகமாக அடகுக்கடை சேட்டு! 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசி வட்டி கேட்பவர். காமெடி சீனிலும், டி.வி.யில் திரும்பத் திரும்ப ஓடும் பழைய படங்களிலும் பார்த்துப் பார்த்துப் பதிந்த முகம் அது. (மார்வாடிகள் எல்லோரும் ஜைனரும் இல்லை, வட்டிக்கடைக்காரரும் இல்லை. அது வேறு கதை.)

நம்ம செஞ்சி வட்டாரத்திலேயே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஜைனர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்களே! நயினார் என்ற பெயரோடு, நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு. அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. பக்கத்துத் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் அங்கேதான். பள்ளியில் படித்தோமே சீவக சிந்தாமணி, அதைத் தந்த திருத்தக்கதேவரும் சமணர்தான்.

இவர்கள் ஏன் திரைக்கு வரவில்லை? ஒருவர் வந்து நின்ற மாத்திரத்தில் 'இன்னார்' என்று புரிய வேண்டும். அதற்குத் தொப்பி வேண்டும், கொச்சைத் தமிழ் வேண்டும். நம்மைப் போலவே பேசி, வேட்டி கட்டி, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொள்கிறவரிடம் காமிராவுக்கு என்ன வேலை?

1968-ல் 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் மதராசி வாத்தியாராக வந்தார். 2013-ல் 'சென்னை எக்ஸ்பிரஸ்'. நம்மைக் கேலிப் பொருளாக்கிவிட்டார்களே என்று கோபம் வருகிறது. வரட்டும்! சேட்டு ஜோக்குக்கு நாம் கைதட்டும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது?

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதில் தமிழ்நாட்டிலிருந்து நம் செஞ்சி மட்டும்தான். சந்தோஷம். இனி காமிராக்கள் நிறைய வரும். ராஜகிரியைப் படம் பிடித்துவிட்டு, "வேறென்ன இருக்கு தம்பி?" என்று நம்மிடம்தான் கேட்பார்கள். திருநாதர்குன்றுக்கு வழி சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த சுற்றுலாவுக்கு ஊட்டி என்று எழுதுமுன் மாணவர் சங்கம் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். பஸ் வாடகையும் மிச்சம்!