தங்கத்துக்குக் காவல் இருந்தது, மக்களுக்கு?



விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை என நிலையத்துக்கு நிலையம் கூட்டம் சேருகிறது. கட்டட வேலை, கம்பெனி வேலை, கடை வேலை, காவலாளி வேலை என்று பெங்களூர் முழுவதும் சிதறி, இரவு அதே ரயிலில் வீடு திரும்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து தங்கவயலின் அடுப்பு இந்த ரயிலால்தான் எரிகிறது. ஆனால் காவிரி பற்றி ஒரு தீர்ப்பு வரும் நாளில், அந்த ரயில் திரும்பும்வரை நம் தாய்மார்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். சுரங்கத்தில் பாறை வெடித்துத் தரை குலுங்கியபோது ஷாஃப்ட் வாசலில் நின்ற அதே தாய்மார்களின் மகள்கள் அவர்கள்.

இந்த அச்சத்தைத் தலைவிதி என்று நாம் ஏற்றுக்கொண்டு விட்டோமா? ஏற்கக் கூடாது என்று சொல்லவே இத்தலையங்கம்.

1991-ஐ நினைவுகூர்வோம். அவ்வாண்டு ஜூன் 25-ல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. நீர் விட வேண்டுமென இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஜூலையில் கர்நாடக அரசு அதற்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நவம்பர் 22-ல் அச்சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. டிசம்பரில் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியாயிற்று. அடுத்த சில நாட்களில், டிசம்பர் 12, 13-ல், பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர் குடிசைகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓசூர் வழியாகவும் சேலம் வழியாகவும் தமிழகத்துக்கு ஓடினர்.

கவனியுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ ஆறு மாதம்! ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த நாளில் வரக்கூடும் என்பது அரசுக்குத் தெரியாததா? பத்திரிகை படிக்கும் பாமரனுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் குடிசைகளின் முன் காவல் நிற்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டு கழித்து 2016-ல் அதே காட்சி. செப்டம்பர் 5-ல் விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள் நீர் விட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 12-ல் அதனை 12,000 கனஅடியாக மாற்றியது. அன்றே பெங்களூர் பற்றி எரிந்தது. ஒரே பணிமனையில் தமிழகப் பதிவெண் கொண்ட தனியார் பஸ்கள் நாற்பதுக்கு மேல் சாம்பலாயின. இருவர் மாண்டனர், அவர்களில் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. எல்லாம் எரிந்த பிறகு!

இதில் ஒரு உண்மையை மறைக்க நமக்கு மனமில்லை. அந்நாட்களில் தமிழகத்திலும் தவறு நடந்தது. சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் தாக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநரை அடித்தார்கள். அந்தப் படக்காட்சி கைபேசிக்குக் கைபேசி தாவியது. இங்கே தீ மூண்டது. எங்கோ ஒருவன் வீரம் காட்ட, எங்கோ ஒரு கூலித் தொழிலாளி அடிபடுகிறான். 1991-லும் சரி, 2016-லும் சரி, தமிழ் அண்டைவீட்டாரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்த கன்னடக் குடும்பங்கள் பல. நமக்குப் பகை கன்னட மொழியோ கன்னட உழைப்பாளியோ அல்ல. வதந்தியும், அதை வைத்து அரசியல் பிழைப்பு நடத்துவோரும், நேரத்தில் அசையாத நிர்வாகமுமே நம் பகை.

மேலும், காவிரி நமக்கு அந்நியமான ஆறா? 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் எங்கே வந்தது? பெங்களூருக்குப் போகவில்லை; முதலில் தங்கவயலுக்குத்தான் வந்தது. அந்த மின்சாரத்தில் ஓடிய இயந்திரங்களின் அடியில் நம் பாட்டன்மார் ஆயிரமாயிரம் அடி ஆழத்தில் பாறை உடைத்து மைசூர் சமஸ்தானத்தின் கஜானாவை நிரப்பினார்கள். இந்த மண்ணில் நமக்கு உரிமை உண்டென்று எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இனிக் காவல்துறை பற்றி. கோலார் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயலுக்கென்று தனியாக ஒரு போலீஸ் மாவட்டம், தனியாக ஒரு எஸ்.பி. ஏன்? நம்மைக் காக்கவா? தங்கத்தைக் காக்க! தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்தவனைத் துருவிச் சோதித்தார்கள். 1930-ல் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைக்க வேண்டும் என்றபோது, குற்றவாளியா நாங்கள் என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் நம் முன்னோர். 1946 நவம்பரில் போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளர் மடிந்தனர். ஆகவே போலீஸ் என்றால் ஒதுங்கிப் போ என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்ததில் வியப்பில்லை.

இன்று தங்கம் இல்லை. காவல் மட்டும் இருக்கிறது. இந்தத் தனி மாவட்டம் இனி எதற்கு என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. நாம் சொல்கிறோம்: எடுக்காதீர்கள், திருத்துங்கள்! பொன்னைக் காக்க வந்த காவல் இனி மனிதரைக் காக்கட்டும்.

தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2023-ஐக் காட்டுகிறோம். அவ்வாண்டு செப்டம்பர் 26-ல் பெங்களூர் பந்த், 29-ல் கர்நாடக பந்த். காரணம் அதே காவிரி; கோபமும் அதே கோபம். ஆனால் இம்முறை தடையுத்தரவு முன்கூட்டியே போடப்பட்டது. போலீஸ் முன்கூட்டியே தெருவில் நின்றது. 1991 போலவோ 2016 போலவோ ஊர் எரியவில்லை. கலவரம் மழை வெள்ளம் போல் தானாக வருவதல்ல. அரசு மனம் வைத்தால் நிற்கிறது.

இதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாறை வெடிக்குமுன் முனகும் என்பது சுரங்கத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த முனகலைக் கேட்கக் கருவிகள் புதைத்தார்கள்; பாறை இயலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988-ல் தங்கவயலில் எழுந்தது. பிணம் தூக்கும் படைக்கு மட்டும் செலவு செய்து, முனகலைக் கேட்கும் கருவிக்குச் செலவு செய்யாத நிர்வாகத்தை நாம் மன்னித்திருப்போமா? ஊரின் அமைதிக்கும் அதே நியாயம்தான்.

அந்தக் கருவிகள் சட்டத்தில் இல்லாமல் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கேளுங்கள்.

2018 ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம் கும்பல் வன்முறை வழக்கில் கட்டளையிட்டது: மாவட்டந்தோறும் எஸ்.பி. தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்; உளவுப் பிரிவினரையும் நிலைய அதிகாரிகளையும் அழைத்து மாதம் ஒருமுறையாவது கூட்டம் நடத்த வேண்டும். 2009-ல் அதே நீதிமன்றம், போராட்டத்தின் பேரால் உடைமைகளை அழித்தால் நடத்தியவர்களே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று வழிகாட்டியது. போலீசின் மீதே புகார் இருந்தால், அதைக் கேட்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஆணையம் வேண்டும் என்று 2006-ல் தீர்ப்பளித்தது.

நம்மில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லும், அதன் விதிகள் 1995-லும் வந்தன. அவ்விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு உடனடி நிவாரணம் ஏழு நாளைக்குள் சேர வேண்டும். 1987-ன் சட்டப் பணிகள் சட்டமோ, தாழ்த்தப்பட்டோருக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், இனக் கலவரத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் வக்கீலை இலவசமாகத் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஆபத்தில் 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வெளியில் வரும் வன்முறையைப் பேசுகிற நாம், வீட்டுக்குள் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனை 'குடும்ப விஷயம்' என்று விட்டுவிடுவது நியாயமா? அதுவும் வன்முறையே, அதற்கும் அரசு வழி வைத்திருக்கிறது.

பெங்களூரில் அடிபட்டவன், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். 'எங்கள் எல்லையில்லை, போ' என்றால் போகாதீர்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: காவிரி வழக்கில் உத்தரவு வரவிருக்கும் நாட்களில், விநாயகர் சதுர்த்திக்கும் பக்ரீத்துக்கும் முன் கூட்டுவதுபோல், காவல் நிலையந்தோறும் சாந்தி சபை கூட்ட வேண்டும். கன்னடர், தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், அனைவரின் பிரதிநிதிகளும் அதில் அமர வேண்டும். பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

இரண்டு: அந்நாட்களில் மாரிகுப்பம் முதல் பெங்களூர் வரை ரயில்களிலும் நிலையங்களிலும் ரயில்வே போலீஸ் நிற்க வேண்டும். பந்த் நாளில் நம் பிள்ளைகள் திரும்பி வர வழி என்ன என்பதை நிர்வாகம் முன்னதாகவே அறிவிக்க வேண்டும்.

மூன்று: அறிவிப்புகள் கன்னடத்தோடு தமிழிலும் வர வேண்டும். மக்கள்தொகையில் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சிறுபான்மை மொழியில் முக்கிய அறிவிப்புகளை வெளியிட வேண்டுமென 1961 முதலமைச்சர்கள் மாநாடு முடிவு செய்ததை நினைவூட்டுகிறோம். புரியாத அறிவிப்பு வதந்திக்குத்தான் வாசல் திறக்கும்.

நான்கு: கண்காணிப்புக் குழு எந்தத் தேதியில் கூடியது, என்ன முடிவு செய்தது என்பதை மக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

ஐந்து: தங்கவயல் போலீஸ் மாவட்டத்தைக் கலைப்பதோ குறைப்பதோ கூடாது. லைன்களில் ரோந்து வரும் காவலருக்கு மக்கள் பேசும் மொழி புரிய வேண்டும்.

அரசிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கப் போவதில்லை. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஒரு வெள்ளைத் தாளில் நாம் கேள்வி கேட்கலாம்: பொறுப்பு அதிகாரி யார்? மாதக் கூட்டம் நடந்ததா? பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். லைனுக்கு ஒருவர் எழுதட்டும்.

இளைஞர்களே! கைபேசியில் ஒரு அடிதடிப் படம் வந்தால், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். அது ஓசூரிலோ ராமேஸ்வரத்திலோ பெங்களூரிலோ ஒரு ஓட்டுநரின் முதுகில் அடியாக விழும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு நல்ல நாளிலேயே பேசிப் பழகுங்கள். கெட்ட நாள் வந்தபின் அறிமுகம் தேடினால் காலம் கடந்துவிடும். கன்னடம் படியுங்கள், தமிழை விடாதீர்கள். இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

பெரியோர்களே! 1991-ல் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழிவாங்கும் வெறி ஊட்டுவதற்காக அல்ல. எந்த வாசலைத் தட்டினால் எது திறந்தது, எது திறக்கவில்லை என்பதை அவர்கள் அறிவதற்காக.

பூமிக்கடியில் நம் முன்னோருக்குப் பாறைதான் எமன். ஒவ்வொரு ஷிப்டும் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார்கள். இன்று நம் பிள்ளை சூரிய வெளிச்சத்தில், ரயிலேறி வேலைக்குப் போகிறான். அவனும் உயிரைப் பணயம் வைத்துத்தான் போக வேண்டும் என்றால், மேலே வந்ததில் நமக்கு என்ன பயன்?

மாரிகுப்பம் ரயிலில் போனவர்கள் எல்லோரும், எல்லா நாளும், முழுதாகத் திரும்ப வேண்டும். அதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கிறோம். ஒன்றுபட்டுக் கேட்போம்!