குழாய் கேஸ் வருது... கேஜ் முள்ளைப் பார்த்தீங்களா?

சென்னை உள்பட தமிழ்நாட்டின் பல ஊர்களில் வீடுகளுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் போடுகிறார்கள். சிலிண்டர் புக்கிங் தொல்லை மிச்சம், சரி. ஆனால், இணைப்பு கொடுக்கும் அவசரத்தில் பிரஷர் டெஸ்ட் பெயரளவுக்கு முடிந்துவிடக் கூடாது.

கேஸ் விடுவதற்கு முன்பு குழாயில் காற்றையோ நைட்ரஜனையோ ஏற்றி, வால்வை மூடி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பதுதான் அது. அடுப்புக்கு வரும் அழுத்தம் சுமார் 21 மில்லிபார்தான். சோதனை அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. அதனால் மீட்டரையும் அடுப்பையும் முதலில் பிரித்து வைக்கணும். வெயிலில் குழாய் சூடேறினால் முள்ளும் ஏறி, சின்னக் கசிவை மறைத்துவிடும். முள் இறங்கினால், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர். குமிழி வருமிடம் கசியுமிடம். (தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவரை வாசலோடு அனுப்பிடுங்க!)

சுவருக்குள் போகும் குழாய் என்றால், பூசும் முன்பே சோதனை முடியணும். கையெழுத்து கேட்டால், ‘முதல்ல முள்ளைக் காட்டுங்க தம்பி’ன்னு சொல்லுங்க.